புளியங்குடி வரை வந்த கையெழுத்து

ஒரு மேசை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, மேலே ஒரு சாமியானா, நூல் கட்டிய பேனா, பக்கத்தில் கைநாட்டுக்கு ஒரு மை டப்பா. தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பேருந்து நிலையத்தின் அருகிலும் இந்தப் பந்தலைப் பார்த்திருப்பீர்கள். எலுமிச்சைக்குப் பேர்போன, தென்காசி மாவட்டத்துப் புளியங்குடிக்கும் இது பழகிய காட்சிதான். மார்க்கெட்டில் காயைப் போட்டுவிட்டு வெறுஞ்சாக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருபவரை, "அண்ணாச்சி, ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க" என்று நிறுத்துவார்கள். எதற்கு என்று கேட்டுவிட்டுப் போடுபவரும் உண்டு. கேட்காமலே போட்டுவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுபவரும் உண்டு.

2023 அக்டோபர் 21ஆம் தேதி 'நீட் விலக்கு நம் இலக்கு' என்ற பெயரில் திமுக தொடங்கிய கையெழுத்து இயக்கம் தமிழ்நாடு முழுக்க ஊர் ஊராகப் போனது. 50 நாளில் 50 லட்சம் கையெழுத்து என்பது இலக்கு. 2024 ஜனவரியில் சேலத்தில் நடந்த இளைஞரணி மாநாட்டில் அவற்றை முதல்வரிடம் ஒப்படைத்தபோது, எண்ணிக்கை 80 லட்சத்தைத் தாண்டிவிட்டது என்றார்கள். மருத்துவப் படிப்பில் சேர நீட் நுழைவுத்தேர்வைக் கட்டாயமாக்கி நாடு முழுமைக்குமாக நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்திலிருந்து தங்கள் மாநிலத்துக்கு விலக்கு வேண்டும் என்று மக்கள் பெயர் எழுதிக் கொடுத்த இயக்கம் அது.

கையெழுத்து இயக்கம் நமக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால் அது புளியங்குடிக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தது? எகிப்து, ஜப்பான், லண்டன், சென்னை, ஸ்விட்சர்லாந்து, திருவனந்தபுரம், நேட்டால், அமெரிக்காவின் ஒரு பழத்தோட்டம் என்று சுற்றி வந்த கதை அது. வழியில் பல இடங்களில் மருத்துவமும் மருத்துவர்களும் எதிர்ப்படுகிறார்கள்.

அரசிடம் மனு கொடுப்பது அரசு என்ற ஒன்று தோன்றிய நாளிலிருந்து இருக்கிறது. ரோமானியர் ஆட்சியில் இருந்த எகிப்தில், கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆளுநர் ஒருவர் அர்சினோ என்ற ஊருக்கு முகாம் போனார். இரண்டரை நாளில் அவருக்கு வந்து சேர்ந்த மனுக்கள் 1,804. இந்தக் கணக்கு ஒரு பாப்பிரஸ் தாளில் இன்றும் இருக்கிறது. திங்கட்கிழமை தோறும் தென்காசி ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நிற்பவர்கள், தங்களுக்கு முன்னே 1,800 ஆண்டு நீளமுள்ள ஒரு வரிசை நிற்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம்.

நம் ஊர்க் கதைகளில் மனுநீதிச் சோழன் வாசலில் ஆராய்ச்சி மணி தொங்கியது. 1605இல் பட்டத்துக்கு வந்த முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர், ஆக்ரா கோட்டையிலிருந்து யமுனைக் கரை வரை 60 மணிகள் கோத்த தங்கச் சங்கிலியைக் கட்டச் சொன்னதாகத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். எகிப்து, திருவாரூர், ஆக்ரா என்று எங்கே பார்த்தாலும் ஒரு பொது அம்சம் தெரியும். மனு கொடுப்பவர் தனி ஆள். அவருடைய கன்று, அவருடைய வயல், அவருடைய வழக்கு. பலர் சேர்ந்து ஒரே தாளில் பெயர் எழுதுவதற்குக் கூடுதலாக ஒரு துணிச்சல் வேண்டும், ஏனென்றால் அந்தத் தாள் அதிகாரியின் கைக்குப் போனதும் அவர் முதலில் தேடுவது தலைவன் யார் என்பதைத்தான்.

இந்தச் சிக்கலுக்குப் பூமியின் இரண்டு மூலைகளில், ஒருவரை ஒருவர் அறியாமல், ஒரே தீர்வைக் கண்டார்கள். எடோ காலத்து ஜப்பானில் வரிச்சுமை தாங்காத விவசாயிகள், விரித்த குடையின் கம்பிகளைப் போல வட்டமாகத் தங்கள் பெயர்களை எழுதினார்கள். ஐரோப்பியக் கப்பல்களில் கேப்டனுக்கு எதிராக முறையிட்ட மாலுமிகளும் வட்டமாகவே கையெழுத்திட்டார்கள். வட்டத்துக்கு முதல் இடம் கிடையாது. முதல் கையெழுத்து யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது. தண்டிப்பதானால் எல்லோரையும் தண்டிக்க வேண்டும்.

பெயர்கள் கூடக் கூட ஆட்சியாளர்களுக்கு அச்சம் வந்தது. உள்நாட்டுப் போரில் மன்னரின் தலையே போன இங்கிலாந்தில், மன்னராட்சி திரும்பியதும் 1661இல் ஒரு சட்டம் போட்டார்கள். சட்டங்களை மாற்றக் கோரும் மனுவில் 20 பேருக்கு மேல் கையெழுத்து வாங்குவதானால் முன் அனுமதி வேண்டும். மனுவைக் கொண்டுபோய்க் கொடுக்க 10 பேருக்கு மேல் வரக் கூடாது. ஆட்சியர் அலுவலக வாசலில் "அஞ்சு பேர் மட்டும் உள்ள வாங்க" என்று காவலர் சொல்வதற்கு எவ்வளவு பழைய வேர் இருக்கிறது பாருங்கள்.

ஆனாலும் வெள்ளம் நிற்கவில்லை. அடிமை வியாபாரத்துக்கு எதிராக 1792இல் ஒரே ஆண்டில் 519 மனுக்கள் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போயின. அடுத்து வந்தவர்கள் சார்ட்டிஸ்டுகள். ஆண்கள் எல்லோருக்கும் வாக்குரிமை, ரகசிய வாக்கெடுப்பு உள்ளிட்ட ஆறு கோரிக்கைகளோடு நெசவாளர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் 1842இல் கொண்டுவந்த மனுவில் 33 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் இருந்தன. தாள்களை ஒட்டி ஒட்டி நீட்டினால் ஆறு மைல். அதைச் சுமந்து வந்தவர்கள் மக்களவை வாசலில் திகைத்து நின்றார்கள். சுருள் கதவுக்குள் நுழையவில்லை. பிரித்துத்தான் உள்ளே கொண்டுபோனார்கள். உள்ளே 287 பேர் எதிராகவும் 49 பேர் ஆதரவாகவும் வாக்களிக்க, மனு தோற்றது.

1848இல் மறுபடியும் வந்தார்கள். இந்த முறை 57 லட்சம் என்று தலைவர்கள் அறிவித்தார்கள். மக்களவை எழுத்தர்கள் உட்கார்ந்து எண்ணினார்கள். தேறியது 20 லட்சத்துக்கும் குறைவு. அதிலும் விக்டோரியா அரசியார், வெலிங்டன் பிரபு, 'சப்பை மூக்கன்' என்றெல்லாம் பெயர்கள் இருந்தன. விளையாட்டாக எழுதியவர் சிலர், எண்ணிக்கை காட்ட எழுதியவர் சிலர். ஒரே கையெழுத்தில் பக்கம் பக்கமாகப் பெயர்கள். பொய்யாகச் சேர்த்த பெயர்கள் மெய்யான 20 லட்சம் பேரையும் கேலிக்கு உள்ளாக்கிவிட்டன. உண்மையைச் சொன்னால், 20 லட்சம் பேர் அந்தக் காலத்துக்கு மலைக்கவைக்கும் எண்ணிக்கை. அவர்களுடைய ஆறு கோரிக்கைகளில் ஐந்து பிற்காலத்தில் சட்டமாயின.

அந்தச் சூடு ஆறுவதற்குள் இந்த வழக்கம் கப்பலேறிச் சென்னைக்கு வந்துவிட்டது. கொண்டுவந்து நட்டவர் ஒரு வியாபாரி. துணி வணிகத்தில் பணம் சேர்த்த கஜுலு லட்சுமிநரசு செட்டி 1852இல் சென்னை சுதேசி சங்கத்தைத் தொடங்கினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனம் புதுப்பிப்புக்கு வரும் நேரம் பார்த்து, சங்கம் லண்டன் நாடாளுமன்றத்துக்கே மனு அனுப்பியது. வரி வசூலில் குடியானவர்களை அடித்துத் துன்புறுத்துகிறார்கள் என்பது அதன் முக்கியப் புகார். நாடாளுமன்ற உறுப்பினர் டான்பி சீமோர் கப்பலேறி வந்து நேரில் விசாரித்துப் போய் மக்களவையில் பேசினார். விளைவாக 1854இல் சித்திரவதை விசாரணை ஆணையம் அமைந்தது.

தொலைவூர்களிலிருந்து விவசாயிகள் நடந்து வந்து ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார்கள். 1855இல் வெளியான அறிக்கையில் இரண்டு தமிழ்ச் சொற்கள் ஆங்கில எழுத்தில் அச்சாகியிருக்கின்றன. ஒன்று கிட்டி: விரல்களை இரண்டு கட்டைகளுக்கு இடையில் வைத்து நெரிப்பது. மற்றொன்று அண்ணாந்தாள்: கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டிக் குனிந்தபடியே வெயிலில் மணிக்கணக்கில் நிறுத்துவது. வரி கட்ட முடியாதவன் முதுகில் கல்லை ஏற்றிய வழக்கம் சென்னையில் எழுதிய மனுவால் உலகுக்குத் தெரிந்தது. ஒரு தாள் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த அறிக்கையைத்தான்.

எழுதத் தெரியாதவர்கள் என்ன செய்வது? மை டப்பா மேசைக்கு வந்த கதை வங்காளத்திலிருந்து தொடங்குகிறது. 1858இல் ஹூக்ளி பகுதியில் வில்லியம் ஹெர்ஷல் என்ற இளம் அதிகாரி, சாலைக்குச் சரளைக்கல் தர ஒப்பந்தம் செய்த ராஜ்யதர் கோனாயின் முழுக் கையையும் மையில் தோய்த்து ஒப்பந்தத்தின் பின்பக்கம் பதித்தார். நாளைக்கு இது என் கையெழுத்தில்லை என்று மறுத்துவிடக் கூடாதே என்ற எண்ணம்தான் காரணம். அப்படிப் பதித்த கைரேகைகளைச் சேர்த்துவைத்துப் பல ஆண்டு ஆராய்ந்த ஹெர்ஷல், ரேகை காலத்தால் மாறுவதில்லை என்று கண்டார். 1897இல் கல்கத்தாவில் கைரேகைக் கூடம் வந்தது. 1901இல் லண்டன் ஸ்காட்லாந்து யார்டு அதைப் பின்பற்றியது. லண்டனிலிருந்து மனு இங்கே வந்தது. இங்கிருந்து கைரேகை லண்டனுக்குப் போனது.

அதே லண்டனில் 1866 ஜூன் மாதம் இரண்டு பெண்கள் ஒரு பெரிய சுருளோடு நாடாளுமன்ற மண்டபத்தில் தவித்துக்கொண்டு நின்றார்கள். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு ஏறத்தாழ 1,500 பெண்கள் கையெழுத்திட்ட மனு அது. வாங்கிக்கொள்ள வேண்டிய நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் ஸ்டூவர்ட் மில்லைக் காணவில்லை. எல்லோரும் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தில், அங்கே ஆப்பிள் விற்ற பெண்மணியிடம் சுருளைக் கடைமேசைக்கு அடியில் ஒளித்துவைக்கக் கேட்டார்கள். அவரும் ஒளித்துவைத்தார். அந்த இருவரில் ஒருவர் எலிசபெத் காரெட், முந்தைய ஆண்டுதான் இங்கிலாந்தில் மருத்துவராகத் தகுதி பெற்ற பெண்.

இதுவரை நாம் பார்த்த மனுக்கள் எல்லாம் கேட்டவை, கட்டளையிட்டவை அல்ல. ஆட்சியாளர் மனம் வைத்தால் உண்டு, வைக்காவிட்டால் இல்லை. கையெழுத்துக்குச் சட்டத்தின் பலத்தைக் கொடுத்தது ஸ்விட்சர்லாந்து. 1874 அரசியலமைப்பின்படி, நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் பிடிக்காவிட்டால் 30,000 பேர் கையெழுத்திட்டால் போதும். அந்தச் சட்டம் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தே ஆக வேண்டும்.

இந்த ஆயுதம் சீக்கிரமே ஒரு நாடளாவிய சுகாதாரச் சட்டத்தின் மேல் பாய்ந்தது. 1882இல் ஸ்விட்சர்லாந்தின் மத்திய அரசு கொள்ளைநோய்ச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் பெரியம்மை தடுப்பூசி கட்டாயம். எங்கள் மாநிலத்துக்கு நாங்கள் சட்டம் போட்டுக்கொள்கிறோம், பெர்ன் நகரிலிருந்து உத்தரவு வேண்டாம் என்று எதிர்ப்பாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். தேவைப்பட்டதைவிட இரு மடங்குக்கும் மேல் கையெழுத்து சேர்ந்தது. ஜூலை 30ஆம் தேதி வாக்கெடுப்பில் ஐந்தில் ஏறத்தாழ நான்கு பேர் வேண்டாம் என்றார்கள். கட்டாயத்தை எடுத்துவிட்டு 1886இல் வேறு சட்டம் வந்தது. பெரியம்மை தடுப்பூசி எத்தனை உயிர்களைக் காத்தது என்பது நமக்குத் தெரியும். கையெழுத்துகள் பெருகுவதால் மட்டும் ஒரு கோரிக்கை சரியானதாகிவிடாது என்பதற்கு அந்த 1882 எப்போதும் சாட்சி.

இனி நம் மேற்குத்தொடர்ச்சி மலைக்கு வருவோம். புளியங்குடியிலிருந்து கடையநல்லூர், தென்காசி தாண்டினால் செங்கோட்டை. அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கே உயர்பதவிகள் வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கே போகின்றன என்று 1891இல் மகாராஜாவிடம் ஒரு மனு தரப்பட்டது. 10,000 பேருக்கு மேல் கையெழுத்திட்ட அந்த 'மலையாளி மெமோரியல்' மனுவில் மூன்றாவது கையெழுத்து டாக்டர் பல்புவினுடையது. ஈழவர் என்பதால் சொந்த ஊரில் மருத்துவப் படிப்புக்கு வழியில்லாமல் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அவர். படித்து முடித்தும் திருவிதாங்கூர் வேலை தரவில்லை. மைசூர் சமஸ்தானம்தான் தந்தது. 1896இல் அவர் தம் மக்களுக்காகத் தனியே ஒரு மனு திரட்டினார். அதில் 13,176 கையெழுத்துகள். பள்ளிகளும் அரசு வேலைகளும் எங்களுக்கும் திறக்கட்டும் என்பதே கோரிக்கை. யார் மருத்துவர் ஆகலாம் என்ற கேள்வியும் கையெழுத்து இயக்கமும் இந்த மலைத்தொடரின் அடிவாரத்தில் முதலில் கைகோத்தது நீட் தேர்வுக்கு 120 ஆண்டுகளுக்கு முன்பு.

1894இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில், தமிழர்கள் ஏராளமாகக் குடியேறியிருந்த மண்ணில், இந்தியர்களின் வாக்குரிமையைப் பறிக்க ஒரு மசோதா வந்தது. ஊருக்குக் கிளம்ப மூட்டை கட்டியிருந்த இளம் வழக்கறிஞர் காந்தியை வியாபாரிகள் பிடித்து நிறுத்தினார்கள். இரண்டு வாரத்தில் 10,000 கையெழுத்துகள். கடைக்காரர்கள் தங்கள் செலவில் வண்டி பிடித்துக் கிராமம் கிராமமாகப் போனார்கள். இதில் காந்தி வைத்த விதி ஒன்று உண்டு. மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்பதை விளக்கிச் சொல்லி, அது புரிந்த பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். அவசர வேலையில் இது எவ்வளவு சிரமம் என்று தெருவில் நின்று கையெழுத்து வாங்கியவர்களுக்குத் தெரியும். அந்த மசோதாவுக்கு லண்டன் ஒப்புதல் தரவில்லை. ஆனால் ஆசியர் என்ற குறிப்பை நீக்கிவிட்டு அதே சட்டம் 1896இல் வேறு வாசகத்தில் திரும்பி வந்தது. இந்த முறை நிறைவேறியது. வாக்குரிமை பறிபோனாலும் விளக்கம் கேட்டுக் கையெழுத்திட்ட மனிதர்கள் மிஞ்சினார்கள். நேட்டால் இந்திய காங்கிரஸ் அந்த மனுவின் சூட்டில் பிறந்தது.

ஸ்விஸ் முறை அட்லாண்டிக்கைக் கடந்தது ஒரு புத்தகத்தால். நியூயார்க்கின் அச்சுத் தொழிலாளி ஜே.டபிள்யூ. சல்லிவன் 1888இல் ஸ்விட்சர்லாந்து போய்ப் பார்த்து எழுதிய சிறு நூல், ஒரேகான் மாநிலத்தின் மில்வாக்கி என்ற சிற்றூரில் ஒரு பழத்தோட்டக் குடும்பத்தின் வீட்டுக்கு வந்தது. உலகப் புகழ்பெற்ற பிங் செர்ரி பிறந்த தோட்டம் அது. அந்த வீட்டில் தங்கியிருந்த வில்லியம் யூரென், கொல்லர் மகன், அதைப் படித்தார். அதற்குப் பிறகு அவருக்கு வேறு வேலையில்லை. 1902இல் ஒரேகான் மக்கள், கையெழுத்து திரட்டித் தாங்களே சட்டம் முன்மொழியும் உரிமையைத் தங்கள் அரசியலமைப்பில் எழுதிக்கொண்டார்கள். மற்ற மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றின. வியாபாரமும் கூடவே வந்தது. கையெழுத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிச் சேகரித்துத் தரும் நிறுவனங்கள் அங்கே முளைத்தன. அப்படிக் கூலி கொடுப்பதைத் தடுக்க முடியாது என்று 1988இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

சுதந்திர இந்தியா மக்களுக்கு அந்த உரிமையைத் தரவில்லை. ஆனால் மனு கேட்கும் பழக்கத்தைத் தொடர்ந்தது. 1953இல் அமைந்த மாநில மறுசீரமைப்பு ஆணையத்துக்கு வந்து குவிந்த மனுக்களும் ஆவணங்களும் 1,52,250. திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகள் தாய்த் தமிழகத்தோடு சேர வேண்டும் என்ற குரலும் அதில் இருந்தது. அந்தக் குரல் தெருவிலும் ஒலித்தது, உயிர்களையும் விலையாகக் கொடுத்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரிப் பகுதியோடு செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்கு வந்தது. தென்காசிக்காரர்களுக்கு எல்லை என்பது வரைபடத்தில் தானாக விழுந்த கோடு இல்லை. கேட்டு வாங்கிய கோடு.

இப்போது நம் மேசைக்கு நெருங்கிவிட்டோம். கல்வி மாநிலப் பட்டியலில் இருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், 42ஆவது திருத்தம் அதைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. பொதுப்பட்டியலில் உள்ள பொருளில் மத்தியச் சட்டத்தோடு மாநிலச் சட்டம் முரண்பட்டால் மத்தியச் சட்டமே நிற்கும். மாநிலச் சட்டம் நிற்க வேண்டுமானால் 254(2) பிரிவின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். பந்தலில் கையெழுத்திடுபவரின் பெயர் கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம் அந்த ஒப்புதல்தான்.

அந்த ஒப்புதலை ஒருமுறை தமிழ்நாடு பெற்றும் இருக்கிறது. 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சி மருத்துவம், பொறியியல் படிப்புகளுக்கு நுழைவுத்தேர்வைக் கொண்டுவந்தது. கிராமத்துப் பிள்ளைகளால் நகரத்துப் பயிற்சி மையங்களோடு போட்டியிட முடியவில்லை என்ற குரல் எழுந்தது. ஜெயலலிதா ஆட்சி எடுத்த முயற்சிகளை நீதிமன்றம் ரத்து செய்தது. கருணாநிதி ஆட்சி 2006இல் கொண்டுவந்த சட்டம் 2007 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்றது. பத்தாண்டு காலம் பிளஸ் 2 மதிப்பெண்ணே போதுமானதாக இருந்தது.

2010ஆம் ஆண்டு இரண்டு கண்டங்களில் இரண்டு கதைகள் தொடங்கின. மார்ச் மாதம் அமெரிக்க அதிபர் ஒபாமா தன் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். டிசம்பரில் இந்திய மருத்துவக் கவுன்சில் நீட் தேர்வை அறிவித்தது. இரண்டுக்கும் மாநிலங்களிலிருந்து எதிர்ப்பு கிளம்பியது. இரண்டும் உச்ச நீதிமன்றம் போயின.

அமெரிக்காவில் எதிர்ப்பாளர்கள் யூரென் காட்டிய வழியில் போனார்கள். ஒஹையோவில் லட்சக்கணக்கில் கையெழுத்து திரட்டி, காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்று எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற திருத்தத்தை 2011 நவம்பரில் வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார்கள். மூன்றில் ஏறத்தாழ இரண்டு பங்கு வாக்குகளோடு வென்றார்கள். கொலராடோவில் அதே முயற்சி தோற்றது. 2012இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் மத்தியச் சட்டத்தின் கட்டாயத்தை ஏற்றுக்கொண்டது. மாநிலத் திருத்தங்களால் அதை அசைக்க முடியவில்லை. ஆனால் அதே தீர்ப்பு, ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் உதவியை விரிவாக்குவதா வேண்டாமா என்பதை மாநிலங்களிடம் விட்டது. உடனே எதிர்த்தரப்பு அதே பேனாவை எடுத்துக்கொண்டது. 2017இல் மெய்ன் மாநிலத்தில் மக்கள் கையெழுத்து திரட்டி மெடிக்கெய்டை விரிவாக்கினார்கள். இடாஹோ, யூட்டா, நெப்ராஸ்கா, ஓக்லஹோமா என்று வரிசையாகப் பின்தொடர்ந்தன. 2010 ஆகஸ்டில் ஒபாமா சட்டத்தின் கட்டாயத்தை 71 சதவீத வாக்கோடு எதிர்த்த மிசௌரி, 2020 ஆகஸ்டில் 53 சதவீத வாக்கோடு அதே சட்டத்தின் மெடிக்கெய்ட் உதவியை ஏற்றது.

இங்கே நீட் தேர்வை 2013இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2016இல் அந்தத் தீர்ப்பையே திரும்பப் பெற்றது. அதே ஆண்டு நாடாளுமன்றம் நீட்டைச் சட்டத்தில் எழுதியது. 2019இன் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் அதை உறுதிப்படுத்தியது. நாடெங்கும் ஒரே தேர்வு என்றால் பல தேர்வுகளுக்கு அலைய வேண்டாம், பணம் கொடுத்து இடம் வாங்குவது குறையும் என்பது ஆதரிப்பவர்களின் வாதம். அதைப் புறந்தள்ளிவிட முடியாது. ஆனால் பாடத்திட்டமும் பயிற்சி மையமும் யாருக்குக் கிட்டத்தில் இருக்கின்றன என்ற கேள்வி தமிழ்நாட்டில் ஓயவில்லை. 2017இல் சட்டமன்றம் ஒருமனதாக நிறைவேற்றிய விலக்கு மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. பிளஸ் 2வில் 1,200க்கு 1,176 எடுத்து, நீட்டை எதிர்த்து உச்ச நீதிமன்றப் படியும் ஏறிய குழுமூர் மாணவி அனிதாவை அந்த ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி இழந்தோம்.

2021இல் நீட்டின் தாக்கத்தை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு மக்களிடம் கருத்து கேட்டபோது 86,342 பேர் எழுதினார்கள். அறிக்கையின் அடிப்படையில் வந்த மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, 2022 பிப்ரவரியில் சட்டமன்றம் மறுபடியும் நிறைவேற்றியது. 2023இன் கையெழுத்து இயக்கம் அந்த மசோதாவின் பின்னால் நின்றது. குடியரசுத் தலைவர் அதை நிராகரித்துவிட்டார் என்ற தகவலை 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் சொன்னார். நவம்பரில் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தை நாடியது.

பந்தல் ஒரு கட்சியின் சொத்து அல்ல. 2025 மார்ச்சில் தமிழக பாஜக மும்மொழிக் கொள்கைக்கு ஆதரவாக ஒரு கோடி இலக்கோடு தன் கையெழுத்து இயக்கத்தைத் தொடங்கியது. இலங்கையில் 2022இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கு எதிராகக் காங்கேசன்துறையில் கிளம்பிய கையெழுத்து வாகனம் சிங்களப் பகுதிகளைக் கடந்து அம்பாந்தோட்டை வரை போனது. மலேசியத் தமிழர்கள் 2007இல் ஒரு லட்சம் கையெழுத்தோடு பிரிட்டிஷ் அரசியாருக்கு மனு கொடுக்கக் கோலாலம்பூரில் திரண்டார்கள்.

இத்தனை தூரம் வந்த இந்த வழக்கம் நம் மேசையில் எந்த நிலையில் இருக்கிறது? நம் அரசியலமைப்பின் 350ஆவது பிரிவு, எந்த அதிகாரிக்கும் நம் மொழியில் மனு எழுதும் உரிமையைத் தருகிறது. குடியரசுத் தலைவருக்குத் தமிழில் எழுதலாம். ஆனால் பதில் சொல்ல வேண்டிய கடமையை யார் மேலும் சுமத்தவில்லை. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் இணைய மனுவில் 10,000 கையெழுத்து சேர்ந்தால் அரசு பதில் சொல்கிறது. ஒரு லட்சம் சேர்ந்தால் விவாதத்துக்குப் பரிசீலிக்கிறார்கள். இங்கே 80 லட்சம் பெயர்களுக்கும் அப்படி ஒரு வாசல் இல்லை. நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் இவ்வளவு கையெழுத்து வந்தால் காரணத்தோடு எழுத்தில் பதில் தர வேண்டும், இத்தனை நாளுக்குள் விவாதிக்க வேண்டும் என்று ஒரு விதி எழுதுவது பெரிய புரட்சி அல்ல. முடியாது என்பதாக இருந்தாலும் அந்தப் பதில் காரணத்தோடு வர வேண்டும்.

தென்காசி மாவட்டம் 2019இல் பிறந்தது. இன்னும் அதற்கு ஓர் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. அதைக் கேட்டு நாளை இதே பந்தலில் மேசை போடலாம். போடுபவர்கள் காந்தி நேட்டாலில் வைத்த விதியைக் கையோடு வைத்துக்கொள்ளட்டும்: முதலில் மனுவைப் படித்துக் காட்டுங்கள், கேள்விக்குப் பதில் சொல்லுங்கள், பிறகு பேனாவை நீட்டுங்கள். பெயர் எழுதும் நாமும் பஸ் போனால் போகட்டும் என்று ஒரு நிமிடம் நின்று "இது எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்போம். புரிந்து போட்ட கையெழுத்துக்காரர், கோரிக்கை தோற்றாலும் அடுத்த மேசைக்கு வருவார். அப்படி வந்தவர்கள்தான் எல்லா நாட்டிலும் சட்டங்களை மாற்றியிருக்கிறார்கள்.